கேள்வி – பதில்: பரணில் கிடக்கும் ஆல்பமும் மொட்டைமாடிக் குருவியும்

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் சேர்த்த மூன்று ஸ்டாம்ப் ஆல்பங்கள் பரணில் கிடக்கின்றன. சுதந்திர இந்தியாவின் முதல் ஸ்டாம்ப்கூட அதில் இருக்கிறது. இதெல்லாம் லட்சக்கணக்கில் போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?
– வாசகர், கரூர்

பதில்: பெரும்பாலும் போகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழசு என்றாலே விலை என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் உலகின் முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் 1840-ல் வந்ததுதான், ஆறு கோடிக்கும் மேல் அச்சடித்துவிட்டதால் அது இன்றைக்கும் அப்படியொன்றும் கிடைக்காத பொருள் இல்லை. அப்பாவிடம் இருப்பது 1947 நவம்பர் 21-ல் வந்த மூன்றரை அணா ஸ்டாம்பாக இருக்கும், தேசியக் கொடியும் 'ஜெய்ஹிந்த்'தும் போட்டது. பார்க்க அழகு, ஆனால் அரிது இல்லை. அடுத்த வருடம் ஆகஸ்ட் 15-ல் காந்தி படத்தோடு நான்கு ஸ்டாம்ப்கள் வந்தன, சுவிட்சர்லாந்தில் அச்சடித்தவை. அதில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஆல்பத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 1948-ல் பத்து ரூபாய் கொடுத்து ஒரு ஸ்டாம்ப் வாங்க எத்தனை பேருக்கு மனசு வந்திருக்கும்? அதனால்தான் அதற்கு இன்று மதிப்பு. அதிலேயே அரசாங்க உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலே அச்சடித்தது இன்னும் அபூர்வம், போலிகளும் அதற்கேற்ற மாதிரி நிறைய, அதனால் தெரிந்தவர் யாரிடமாவது காட்டாமல் சந்தோஷப்பட வேண்டாம்.

வாட்ஸ்அப் ஆட்கள் விஷயம் தனி. "உங்கள் பழைய நாணயத்துக்கு இத்தனை லட்சம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள், அதை நம்ப வேண்டாம் என்று 2021-ல் அந்த வங்கியே எச்சரித்தது. ஸ்டாம்புக்கும் அதே கதைதான். விற்கிறவனிடமே முன்பணம் கேட்கும் வியாபாரம் எங்காவது உண்டா?

சரி, ஆல்பங்களை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கிவிடுங்கள், சூடும் ஈரமும் சேர்ந்தால் தாளில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். விரலால் எடுக்காதீர்கள், ஸ்டாம்ப் இடுக்கி விலை குறைவுதான். கவரோடு இருக்கும் ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்க வேண்டாம், சில சமயம் தபால் முத்திரையோடு இருக்கும் முழுக் கவருக்குத்தான் மதிப்பு. பின்பக்கம் பசை அப்படியே இருக்கிற புது ஸ்டாம்பில் தண்ணீரே படக்கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வது!

இன்னொன்று. கேள்வி முழுக்க விலை இருக்கிறது, அப்பா என்ன சொல்கிறார் என்பது இல்லை. ஆல்பம் அவருடையது, விற்பதா வேண்டாமா என்று அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். நடுவில் விட்டுப்போனதைத் தொடர அவருக்கு ஆசை இருக்கலாம். தபால் துறையில் ஸ்டாம்ப் சேகரிப்போருக்கென்று டெபாசிட் கணக்கு உண்டு, ஒரு தொகை கட்டிவைத்தால் புது ஸ்டாம்ப்கள் வீட்டுக்கே வரும். இந்தியாவிலேயே வாசனை ஸ்டாம்ப்கள் வந்திருக்கின்றன: 2006-ல் சந்தனம், 2007-ல் ரோஜா, 2008-ல் மல்லிகை. அவருக்கு அவற்றைத் தேடி வாங்கிக் கொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் படிக்கும் பேரப்பிள்ளை இருந்தால் தபால் துறையின் ஸ்பர்ஷ் உதவித்தொகையையும் விசாரியுங்கள், ஸ்டாம்ப் சேகரிக்கும் மாணவர்களுக்கு வருடம் 6,000 ரூபாய், அதற்குத் தேர்வு உண்டு.

கேள்வி: என் கணவருக்கு 55 வயதாகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருமுனை கேரம் கிளப்தான் கதி. இந்த வயதில் இது தேவையா?
– வாசகி, திருச்சி

பதில்: விரலும் கண்ணும் வேலை செய்கிற ஆட்டம்தானே அம்மா, இந்த வயதில் ஆடினால் என்ன? கேரத்தில் இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் நம் சென்னைக்காரர், அர்ஜுனா விருது வாங்கியவர். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமாவும் சென்னைதான். ஆக, ஆட்டத்தில் குற்றமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவேண்டும், போரிக் பவுடர் அப்பிய சட்டையை அவரே துவைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போடுங்கள்.

கேள்வி: வேலை, வீடு என்றே இருந்துவிட்டு இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். முட்டிவலி, அதனால் அலைய முடியாது. இனிமேல் என்ன பொழுதுபோக்கு பழகுவது?
– வாசகர், மதுரை

பதில்: பறவை பாருங்கள் சார். மொட்டைமாடியில் ஒரு நாற்காலி, காலை ஆறிலிருந்து எட்டு மணி, அவ்வளவுதான். காக்கா, புறா, மைனா தாண்டி என்ன இருக்கப்போகிறது என்று முதலில் தோன்றும். அப்புறம் எங்கேயோ பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி 'டொக் டொக்' என்று விடாமல் கேட்கும், அது செம்மார்பு குக்குறுவான், உச்சிக்கிளையில் உட்கார்ந்திருக்கும். செடி மறைவில் வாலைத் தூக்கிக்கொண்டு உடம்புக்குப் பொருந்தாத சத்தம் போடுவது தையல்சிட்டு.

பைனாகுலர் வாங்கினால் 8-க்கு 42 என்று கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பொருட்காட்சியில் இருபது மடங்கு என்று விற்பதைத் தொடாதீர்கள், நம் கை நடுக்கத்தையும் அது இருபது மடங்காக்கும். போனில் மெர்லின் என்ற இலவச ஆப் இருக்கிறது, குரலைக் கேட்டே பெயர் சொல்லும், ஆனால் அது சொன்னதை உங்கள் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு எழுதுங்கள். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், இருந்த இடத்திலேயே ஒரு கால் மணி நேரம் எண்ணி, பறவைப் பட்டியல் பதிகிற இபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும்.

முட்டி ஒத்துழைக்கிற ஒரு நாளில் வேடந்தாங்கல் போய் வாருங்கள், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள். ஏரிக்கரையில் நின்றே நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் கூட்டோடு பார்க்கலாம். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள், வேட்டைக்காரர்களைத் தடுக்க 1798-லேயே கலெக்டரிடம் உரிமை வாங்கியவர்கள். வயதைப் பற்றி யோசனை வந்தால் பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலியை நினைத்துக்கொள்ளுங்கள்: சிறுவயதில் ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவி என்ன இனம் என்று விசாரிக்கப் போனவர், 1987-ல் தொண்ணூறு வயதில் காலமாகும் வரை அதிலிருந்து வெளியே வரவில்லை.

கேள்வி: பிபிசி தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவன். பழைய ரேடியோ இன்னும் வேலை செய்கிறது, ஆனால் ஒரே இரைச்சல். தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போடாதீர்கள். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றது உண்மை, ஆனால் மற்ற நாட்டு நிலையங்கள் சில இன்னும் சிற்றலையில் இருக்கின்றன. இரைச்சலுக்குக் காரணம் ரேடியோவாக இருக்காது, வீட்டிலுள்ள எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து பண்ணுகிற வேலை. பேட்டரி போட்டு ராத்திரியில் மாடிக்கு எடுத்துப்போங்கள், ஏரியலில் சில மீட்டர் ஒயரைச் சுற்றிக் கொடிக்கம்பியில் நீளமாக விடுங்கள், வித்தியாசம் தெரியும். ஏதாவது நிலையம் கிடைத்தால் தேதி, அலைவரிசை, என்ன கேட்டீர்கள், எவ்வளவு தெளிவு என்று அந்த நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள், ஒப்புதலாகக் கியூஎஸ்எல் அட்டை அனுப்பும் நிலையங்கள் இன்னும் உண்டு. நேரத்தை மட்டும் சர்வதேச நேரத்தில் குறிப்பிடுங்கள், நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.