பவளத் தொட்டிக்கு என்ன லைட்? கேளுங்க, சொல்றேன்

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுல 4 அடித் தொட்டி வச்சிருக்கேன். பவளம் வளர்க்க ஆரம்பிச்சு 14 வருஷமாச்சு. முதல் 2 வருஷம் வளர்த்தேன்னு சொல்றதைவிடக் கொன்னேன்னு சொல்றதுதான் நியாயம். இன்னிக்கு லைட் மட்டும்தான். உப்பு, கால்சியம், ஸ்கிம்மர் எல்லாம் வேற நாள். எந்தக் கம்பெனி நல்லதுன்னு கேட்டா பதில் வராது.

கோமாளிமீன்: அக்கா, 2 அடித் தொட்டி, புதுசு. எத்தனை வாட் லைட் வாங்கணும்?

வாட்னா கரண்ட் பில்லுக்கான கணக்கு தம்பி. பவளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. "இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட்"ங்கற சூத்திரம் ட்யூப்லைட் காலத்துல வந்தது. அப்ப எல்லா ட்யூபும் ஏறக்குறைய ஒரே மாதிரி எரிஞ்சதால ஓரளவு ஒத்துப்போச்சு. இன்னிக்கு ஒரே வாட்ல ரெண்டு எல்இடி வாங்கினா, லென்ஸ் வேற, நிறம் வேற, உயரம் வேறன்னு தண்ணிக்குள்ள போற வெளிச்சம் ரெண்டு மடங்குகூட வித்தியாசப்படும்.

பார்க்க வேண்டியது பார் (PAR) அளவு, அதாவது பாசி சமைக்கப் பயன்படுற வெளிச்சத்தோட அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளித்துகள் ஒரு சதுர மீட்டர்ல ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுதுங்கற கணக்கு. பவளத்தோட சதைக்குள்ள நுண்பாசி குடியிருக்கு. அது வெளிச்சத்துல சமைக்குது, பவளம் அதுல பங்கு வாங்கிச் சாப்பிடுது. அதனால லைட்டுங்கறது அலங்காரமில்லை, சாப்பாடு.

நாங்க புழங்குற பார் எண்கள் இவை: மஷ்ரூம், லெதர் மாதிரி சாஃப்ட் கோரலுக்கு 50 முதல் 100. ஹாம்மர், டார்ச் மாதிரி எல்பிஎஸ் (பெரிய வாய் வச்ச கல் பவளம்) வகைக்கு 100 முதல் 150. அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் (சின்ன வாய் வச்ச கல் பவளம்) வகைக்கு 200 முதல் 350. வேதவாக்கு இல்லை, அனுபவக் கணக்கு. நீங்க சாஃப்ட் கோரல்ல ஆரம்பிங்க. நீலம், வெள்ளை ரெண்டையும் தனித்தனியா ஏத்தி இறக்குற மாதிரி ஒரு சின்ன எல்இடி போதும். தண்ணிக்கு மேல 25 செ.மீ. உயரத்துல மாட்டுங்க.

இதை மட்டும் மறக்காதீங்க: லைட் பலத்தை 30 சதவீதத்துல ஆரம்பிச்சு, ஒரு மாசம் எடுத்துக்கிட்டு மெதுவா ஏத்தணும். நான் ட்யூபைக் கழட்டி எல்இடி மாட்டின அன்னிக்கே முழுசாத் திருகி விட்டேன். கண்ணுக்கு முன்னைவிட மங்கலாத்தான் தெரிஞ்சுது, "இன்னும் கொஞ்சம் இருந்தா தேவலை"ன்னுகூட நினைச்சேன். நாலாம் நாள் மொன்டிபோராங்கற தட்டு வடிவப் பவளம் முழுக்க அரிசி மாவு பூசின மாதிரி வெளுத்துப் போச்சு. நம்ம கண்ணுக்குப் பச்சைதான், அதாவது 555 நானோமீட்டர் பக்கம்தான், பளிச்சுன்னு தெரியும். 450ல இருக்கற நீலம் மங்கலாத் தெரியும். பாசிக்கோ அந்த நீலம்தான் விருந்து. வெளிச்சம் குறைஞ்சா பவளம் வாரக்கணக்குல வாடும். கூடினா நாலு நாள்ல கதை முடிஞ்சுடும்.

உப்புக்காத்து: போன் ஆப்ல லக்ஸ் பார்த்தா போதாதா?

லக்ஸ் மனுஷக் கண்ணுக்காக வச்ச அளவு. வெள்ளை வெளிச்சத்துக்கு ஓரளவு உதவும். நீலத்துக்கு உங்க போனும் என் கண்ணு மாதிரியே ஏமாறும். பார் மீட்டர் விலைக்கு இன்னொரு லைட்டே வாங்கலாம், அதனால வாடகைக்கு எடுங்க, இல்லை நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. பழைய மாடல் சென்சார் நீலத்தைக் குறைச்சுக் காட்டும், கேட்டு வாங்குங்க. மணல், நடு, மேல்பாறைன்னு மூணு மட்டத்துல அளந்துட்டு, மூலைகளையும் விடாதீங்க. நடுவுல 250 காட்டுற தொட்டி மூலையில 60 காட்டும்.

நீலத்திமிங்கலம்: 3 அடிக்கு 90 வாட் போதுமா அக்கா?

முதல் பதிலைப் படிங்க.

முத்துநகர்: எங்க தூத்துக்குடிக் கடல்ல பவளம் கிடக்கு. உயிரோட எடுத்து வளர்த்தா எந்த லைட் சரி வரும்?

எந்த லைட்டும் சரி வராது, எடுக்காதீங்க. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல உள்ள 21 தீவும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. பாறை கட்டுற பவளம் இந்தியாவோட 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதுக்கும் உண்டு. கரையில ஒதுங்கின செத்த துண்டும் சேர்த்திதான். இங்க சிங்கப்பூர்லயும் கல் பவளம் இறக்குமதி ஆகணும்னா அனுமதிச் சீட்டு வேணும். ஆசையா இருந்தா கடல் மீன் மட்டும் வளர்க்கிற தொட்டி வைங்க. அதுக்குச் சாதா வெள்ளை எல்இடி போதும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார், கிள்ளான்: மலேசியாவில் வெயிலுக்கா பஞ்சம்? சூரியனே நண்பகலில் 2,000 மைக்ரோமோல் தருகிறது. கிழக்கு ஜன்னல் ஓரம் தொட்டியை வைத்தால் லைட்டே வேண்டாமே?

சார், 2,000 சரிதான், ஆனா அது மொட்டை மாடிக்கு. ஜன்னல்ல வர்றது காலை வெயில், அதுவும் பக்கவாட்டுல. பவளம் அந்தப் பக்கமே சாய்ஞ்சு வளரும். கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி ஏறும். தண்ணி சூடாகும்.

வாத்தியார்: கடலிலும் தண்ணீர் 29 டிகிரி இருக்கிறதே? அங்கே யார் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்தார்கள்?

கடல் ஒரு மத்தியானத்துல 3 டிகிரி ஏறாது சார், உங்க தொட்டி ஏறும். சூடும் வெளிச்சமும் சேர்ந்தா பாசியோட ஒளிச்சேர்க்கை குழம்பி விஷ ஆக்சிஜன் உண்டாகும், பவளம் பாசியை வெளியே துப்பிடும். 2016ல மன்னார் வளைகுடாவுல பவளம் வெளுத்ததும் கடல் சூடேறினதால்தான். இன்னொண்ணு, கிள்ளான் 3 டிகிரி வடக்குல இருக்கு. ஜூன்ல சூரியன் நேர் கிழக்குக்கு 23 டிகிரி வடக்கே உதிக்கும், டிசம்பர்ல அதே அளவு தெற்கே. வருஷத்துக்குள்ள 47 டிகிரி நகர்ற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி தினமும் பாறையைத் திருப்பி வைப்பீங்களா?

வாத்தியார்: அசல் கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலை விடுங்கள். கூரையில் ஒளி ஊடுருவும் தகடு, கீழே நிழல் வலை. இந்தோனேசியாவில் பவளப் பண்ணைகள் வெயிலில்தானே நடக்கின்றன?

இங்கே நான் தோத்தேன். மேல இருந்து வர்ற வெயில், 70 சதவீதம் மறைக்கிற நிழல் வலை, ஓடுற தண்ணி, இது மூணும் இருந்தா சூரியனை அடிக்க எந்த எல்இடியும் கிடையாது. தண்ணிக்கடியில மின்னி ஆடுற அந்த ஒளிக்கோடு போதும், நாள் முழுக்கப் பார்க்கலாம்.

உப்புக்காத்து: அப்ப கரண்ட் செலவு மிச்சம்தானே அக்கா?

இதுக்குத்தான் காத்திருந்தேன். 150 வாட் எல்இடி 9 மணி நேரம் எரிஞ்சா 1.35 யூனிட். வெயில் சூட்டை இறக்க 300 வாட் சில்லர் கூடுதலா 5 மணி நேரம் ஓடினா 1.5 யூனிட். மிச்சம் எங்கே?

வாத்தியார்: சில்லர் 5 மணி நேரம் ஓடும் என்பது உங்கள் ஊகம்.

ஊகம்தான். உங்க கூரை, உங்க தொட்டி, நீங்களே அளந்து சொல்லுங்க. மத்தவங்க கேள்வி நிக்குது சார்.

பவளமல்லி: நீல லைட் மட்டும் போட்டா ஜொலிக்குது. வீட்டுக்காரர் டிஸ்கோ மாதிரி இருக்குங்கறார். வெள்ளையும் வேணுமா?

பவளத்துல ஒளிரும் புரதம் இருக்கு. நீலத்தை வாங்கிக்கிட்டுப் பச்சையாவும் ஆரஞ்சாவும் திருப்பித் தரும், அதான் ஜொலிப்பு. கடல்ல சிவப்பு வெளிச்சம் மேல் சில மீட்டர்லயே கரைஞ்சுடும், அதனால நீலத்தைத் தூக்கலா வைக்கிறது தப்பில்லை. வெள்ளை 10, 20 சதவீதம் சேருங்க, வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

ஆனா கடையில நீல லைட்டுக்குக் கீழே பார்த்து வாங்கவே வாங்காதீங்க. வெளுத்துப்போன பவளத்துல பாசி போயிருக்கும், ஒளிரும் புரதம் மிச்சமிருக்கும். மறைக்கப் பாசி இல்லாததால இன்னும் தூக்கலா மின்னும். சாகக் கிடக்கறதைத்தான் அழகுன்னு தூக்கிட்டு வருவீங்க. "அண்ணே, வெள்ளை லைட்டைப் போடுங்க"ன்னு கேளுங்க. போடலைன்னா வேற கடை பாருங்க.

தொட்டிக்காரன்: டி5ங்கற ஒல்லி ட்யூப்லைட்டா, எல்இடியா, சூடா எரியற மெட்டல் ஹாலைடு பல்பா?

மூணுலயும் பவளம் வளரும். ட்யூப் நிழல் விழாம பரவலா அடிக்கும், ஆனா 9 முதல் 12 மாசத்துல மாத்தணும். எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும், பலம் போயிருக்கும். ஹாலைடு நல்லாத்தான் இருக்கும், நம்ம ஊர்ச் சூட்டுல சில்லர் ஓயாது. என் வீட்டுல நடுவுல எல்இடி, ரெண்டு பக்கமும் ட்யூப். லென்ஸ்ல உப்பு படியும், வாரம் ஒருதரம் துடைங்க.

இரவுப்பறவை: எத்தனை மணி நேரம் எரியணும்? ராத்திரி நிலா வெளிச்சம் வேணுமா?

8 முதல் 10 மணி நேரம், டைமர் வச்சு. நிலா வெளிச்சம் உங்களுக்குத்தான், ராத்திரி இருட்டாவே விடுங்க.

சூரியகாந்தி: சன் கோரல் வாங்கியிருக்கேன். பேருக்கு ஏத்த மாதிரி நிறைய வெளிச்சம் வேணுமா?

பேரை நம்பாதீங்க. அதுக்குள்ள பாசியே இல்லை, லைட்டே வேண்டாம். கையால ஊட்டணும், பட்டினி போட்டா போயிடும்.

செவுள்: 5 அடிக்கு எத்தனை வாட்...

ஐயோ.

அலைகடல்: அக்கா, லைட்டைத் தூக்கி மாட்டினப்ப தண்ணியில கை பட்டுச்சு, சுர்ருன்னுச்சு. லைட் லூசா?

கையை எடுங்க. தொட்டியில எதையும் தொடாதீங்க, சுவர்ல சுவிட்சை அணைச்சுட்டு எல்லா பிளக்கையும் உருவுங்க. அப்புறம் எழுதுங்க.

இது எல்லாருக்கும்: உப்புத் தண்ணி கரண்டை நல்லாக் கடத்தும். மெயின் பெட்டியில 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற சுவிட்ச்) இருக்கா, டெஸ்ட் பட்டனை அமுக்கினா விழுதான்னு இன்னிக்கே பாருங்க. ஊர்ல ஈஎல்சிபின்னு சொல்றது இந்த வேலைக்குத்தான். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைஞ்சு மேலே வரணும், அப்பத்தான் சொட்டுற தண்ணி பிளக்குக்குள்ள போகாது. லைட்டைத் தூண்டில் நரம்புல தொங்கவிடாதீங்க, பார்த்திருக்கேன்.

அலைகடல்: உருவிட்டேன் அக்கா. ஒவ்வொண்ணாப் பார்த்தேன், லைட் இல்லை, ஹீட்டர் கண்ணாடியில விரிசல்.

தூக்கிப் போடுங்க, ஒட்டிப் பார்க்காதீங்க. நம்ம சூட்டுக்கு ஹீட்டரே வேண்டாம்.

வாத்தியார்: கடைசியாக ஒன்று. கூரைத் தகடு போட்டு அளக்கப் போகிறேன். உங்கள் பார் மீட்டர் ஒரு வாரம் கிடைக்குமா?

தர்றேன் சார். கிள்ளான் வரைக்கும் வரமாட்டேன், ஜோகூர் பாரு வரைக்கும் கொண்டு வர்றேன். சில்லர் எத்தனை மணி நேரம் ஓடுதுன்னும் குறிச்சு வைங்க.