காலையில் சரியாக வந்த பாகம் மதியம் விரிசல் விடுவது ஏன்?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் பாகங்களை அழுத்தி எடுக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன். 'டிரிப்' வகை உயர்வலிமை எஃகில், ஷிப்ட் தொடக்கத்தில் பாகங்கள் நன்றாக வருகின்றன. சில மணி நேரம் ஓடியதும் மூலைகளில் விரிசல் விழுகிறது. சென்னை வெயில்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: வெயிலுக்கு இதில் சிறிய பங்குதான். ஜனவரிக் காலைக்கும் மே மாத மதியத்துக்கும் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருக்கலாம். ஆனால் உலோகத்தை வளைக்கவும் இழுக்கவும் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதற்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. வலிமை மிகுந்த எஃகுக்கு அதிக விசை தேவைப்படுவதால் வெப்பமும் அதிகம். உராய்வும் அதனுடன் சேர, பிரஸ் இடைவிடாமல் ஓடும்போது டையும் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) தகடும் சில இடங்களில் 100 டிகிரியைக்கூடத் தாண்டலாம்.

உங்கள் எஃகு இந்த மாற்றத்தை நன்றாகவே உணரும். அதனுள் ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பு சிறிதளவு மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது. தகடு இழுபடும்போது அது மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறுகிறது. எந்த இடம் மெலியத் தொடங்குகிறதோ அந்த இடமே முதலில் உறுதியாகிவிடுவதால் இழுவிசை பக்கத்துப் பகுதிகளுக்குப் பரவி, விரிசல் தள்ளிப்போகிறது. இந்த ஏற்பாட்டை நான் உலோகவியலின் மிக அழகான சாதனைகளில் ஒன்றாகவே கருதுகிறேன். ஆனால் வெப்பம் ஏற ஏற ஆஸ்டெனைட் நிலைபெற்றுவிடுகிறது. வேண்டிய நேரத்தில் அது மாறுவதில்லை, மெலிந்த இடம் மேலும் மெலிகிறது. மிகக் குளிர்ந்தாலும் கேடுதான், ஏனெனில் மாற்றம் முழுவதும் தொடக்கத்திலேயே தீர்ந்துபோய், கடைசி இழுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அளவான சூடு சில கலவைகளுக்கு நன்மையே செய்யும். அந்த அளவு கலவைக்குக் கலவை வேறுபடும்.

ஃபெரைட் என்ற மென்மையான அமைப்பும் மார்ட்டென்சைட்டும் கலந்த இருகட்ட எஃகில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. போரான் எஃகை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிரூட்டப்பட்ட டைக்குள்ளேயே வடிவம் கொடுத்து விரைவாகக் குளிரவைக்கும் முறையோ முற்றிலும் வேறு வழி. அதில் ஏறத்தாழ 1500 மெகாபாஸ்கல் வலிமை கிடைக்கிறது.

எண்ணெயையும் கவனியுங்கள். சூட்டில் மசகுப் படலம் மெலிந்து உராய்வு கூடினாலும் மூலையில்தான் விரிசல் விழும். எனவே எஃகைக் குறை சொல்வதற்கு முன், விரிசல் தொடங்கும் நேரத்தில் டையின் மூலை வெப்பநிலையை அளந்து காலை அளவோடு ஒப்பிடுங்கள். பின்னர் டையைக் குளிரவைத்து, அதே கட்டுத் தகட்டில் அதே எண்ணெயுடன் மீண்டும் அழுத்திப் பாருங்கள். விரிசல் நின்றால் கோளாறு சூட்டில்தான். டைக்குள் நீரோட்டப் பாதை அமைப்பது பற்றி உங்கள் டூல் ரூமிடம் தயங்காமல் பேசலாம்.