மச்சானுக்காகக் கார் கடனில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 32,000, வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் 42,000. டெல்லி பதிவுள்ள 2017 மாடல் பி.எம்.டபிள்யூ டீசல் கார் 13 லட்சத்துக்கு வந்திருக்கிறது. 10 லட்சம் கடன், மீதிக்கு மனைவியின் நகையை வைக்கலாம் என்கிறார் என் மச்சான். அவருக்கு சிபில் ஸ்கோர் சரியில்லை என்பதால் கடன் என் பெயரில். தவணையில் பாதி தருவதாகச் சொல்கிறார். மூன்று வருடம் முன்பு அவருடைய தொழிலுக்காக 4.5 லட்சத்துக்கு வைத்த நகையே இன்னும் மீட்கவில்லை. வட்டியை நான்தான் கட்டி மறு அடகு வைக்கிறேன். டோக்கன் 20,000 கொடுத்தாகிவிட்டது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சர்வீஸ் ரெக்கார்டு பார்ப்பது, மெக்கானிக்கை அழைத்துப் போவது எல்லாம் உங்களுக்கே தெரியும். கார் உங்கள் பிரச்சினையே இல்லை. மச்சான் கேட்கும்போதெல்லாம் உங்கள் பெயரில் கடன் ஏறுகிறதே, அதுதான் பிரச்சினை.

பழைய நகைக் கடனையே பாருங்கள். வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 54,000. மூன்று வருடத்தில் 1,62,000 ரூபாய் போய்விட்டது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மீட்டுத் தருகிறேன் என்று அன்றைக்குச் சொன்ன அதே ஆள்தான் இன்றைக்குப் பாதித் தவணை தருகிறேன் என்கிறார்.

இப்போது கார் கணக்கு. செகண்ட் ஹேண்ட் கார் கடனுக்கு 14 சதவீதம், 5 வருடம் என்றால் 10 லட்சத்துக்குத் தவணை சுமார் 23,270. மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 14 லட்சம். மச்சான் சொன்னபடி பாதி தந்தாலும் உங்கள் பங்கு 11,600. புதிதாக வைக்கும் 3 லட்சத்து நகைக்கு வட்டி மாதம் 3,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்கு மாதம் 10,000 ஒதுக்காமல் இந்த மாதிரி வண்டியை வைத்திருக்க முடியாது. ஆக 24,600, டீசல் போடாமலே. உங்களிடம் மிஞ்சுவது 18,000. அதிலும் பழைய நகை வட்டி 4,500 போனால் 13,500. அவர் ஒரு மாதம் தவறினால் 36,000-க்கு மேல் நீங்களே புரட்ட வேண்டும். தவறுகிற ஒவ்வொரு தவணையும் உங்கள் சிபிலில்தான் ஏறும்.

விலை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 10 வயது தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. அந்த வயதை நெருங்கும் வண்டிகள் தெற்கே வருகின்றன. இங்கே பதிவை மாற்ற அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். அது 13 லட்சத்தில் சேர்த்தியா என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? அப்புறம் மழை. 2023 டிசம்பரில் வடசென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர் நீங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், அதற்கெனத் தனி ஆட்-ஆன் எடுக்காத சாதாரண பாலிசியில் பணம் கிடைக்காது. மண்ணடிக்கு நீங்கள் மெட்ரோவில் போய்விடலாம். வண்டியை ஓட்டப்போவது பெரும்பாலும் மச்சான்தான். அவர் யார்மீதாவது இடித்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ள உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும்.

கடனோடு ஒரு எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும் திட்டம்) போட்டால் வட்டி திரும்பி வந்துவிடும் என்று இப்போது எல்லா ரீல்ஸிலும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். 14 சதவீத வட்டி நிச்சயம். அதைத் தாண்டிய லாபத்துக்கு எந்த ஃபண்டும் உத்தரவாதம் தராது. அந்த எஸ்.ஐ.பி.க்குப் போட மாதக் கடைசியில் உங்களிடம் என்ன இருக்கப்போகிறது?

மிஞ்சும் 18,000-ஐ மாதாமாதம் பழைய நகைக் கடனில் அசலும் வட்டியுமாகக் கட்டுங்கள். 29 மாதத்தில் முடியும். போனஸையும் போட்டால் இன்னும் சீக்கிரம். பகுதி அசல் கட்டினால் நகையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பார்களா என்று கேளுங்கள். மச்சானிடம் பேசும்போது மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். நகை அவருடையது, தம்பியும் அவருடைய தம்பி. தவணையில் பாதியாகத் தருவதாகச் சொன்ன அந்த 11,600-ஐ இந்த மாதமே நகைக் கடனுக்குக் கட்டச் சொல்லுங்கள்.

டோக்கனைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள், 20,000 ரூபாய், ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு.