துப்பறியும் கதைகள் எழுதிய டேஷியல் ஹாமெட் நிஜமாகவே துப்பறியும் வேலை பார்த்தவரா?

ஆமாம், பார்த்தவர்தான். 1894-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர், சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, 1915-ல் பால்டிமோரில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார்.

துப்பறிவது என்றதும் துப்பாக்கியும் துரத்தலும் நினைவுக்கு வரலாம். ஆளுக்குத் தெரியாமல் பின்தொடர்வது, மணிக்கணக்கில் காத்துக் கிடப்பது, அப்புறம் உட்கார்ந்து அறிக்கை எழுதுவது என்று பெரும்பாலும் அலுப்பான வேலைதான் அது. ஆனால் அந்த அறிக்கை நடைதான் பின்னால் அவருடைய கதை நடையாயிற்று என்பது என் எண்ணம். 1930-ல் நூலாக வந்த 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலைப் பாருங்கள். யார் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதோடு சரி. நாயகன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு வரிகூட வராது.

எழுத்துக்கு வந்ததற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அலைகிற வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காததால், சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபடி 'பிளாக் மாஸ்க்' பத்திரிகைக்குக் கதை எழுத ஆரம்பித்தார். அந்தக் கதைகள் பலவற்றில் வரும் துப்பறிவாளருக்குப் பெயரே கிடையாது. குள்ளம், பருத்த உடம்பு, நடுவயது. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆள், அவ்வளவுதான்.

மொத்தம் ஐந்தே நாவல்கள். கடைசி நாவல் 1934-ல். 1961-ல் இறக்கும்வரை இன்னொன்றை முடிக்கவில்லை. குடியும் நோயும் வாட்டின. இதற்கு நடுவில் 1951-ல் சிறைக்கும் போனார். ஒரு ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை நீதிமன்றத்தில் சொல்ல மறுத்ததுதான் குற்றம். ஊரார் ரகசியத்தைத் தோண்டிச் சம்பளம் வாங்கியவர்!