சிவப்பு விளக்கில் கிளட்ச்சைப் பிடித்தபடியே நிற்கலாமா?

நெல்லித்தோப்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். புதுச்சேரி, கடலூர் பகுதி ஓட்டுநர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, இந்திரா காந்தி சிலை சிக்னலில் விளக்கு மாறும் வரை முதல் கியரில் கிளட்ச்சைப் பிடித்தபடி நிற்கிறேன். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை)

பதில்: லீவரை முழுவதுமாகப் பிடித்திருந்தால், இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிளேட்டுகள் ஒன்றையொன்று அழுத்துவதில்லை என்பதால், தேய்மானம் பெயரளவுக்குத்தான் இருக்கும். சுமையெல்லாம் கேபிள் மீதும், ஸ்பிரிங்குகளை அழுத்தி நிற்கும் ரிலீஸ் பேரிங் மீதும், உங்கள் இடது கை மீதும் விழுகிறது. பிளேட்டைத் தின்பது, லீவரைப் பாதி மட்டும் பிடித்திருக்கும் அரை கிளட்ச்தான். முன்னால் நிற்கும் பேருந்து நகர்கிறதா என்று பார்த்து, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊர்வதைக் கைவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் நின்றவுடனே நியூட்ரலுக்கு மாற்றிவிடலாமா? (அரியாங்குப்பம்)

பதில்: உடனே வேண்டாம். பின்னால் வருபவர் பிரேக் பிடிக்கத் தவறினால் விலகிச் செல்ல உங்களுக்குக் கியர் தேவைப்படும். ஆகவே முதல் கியரில், இடது காலைத் தரையிலும் வலது காலைப் பின் பிரேக்கிலும் வைத்து, இரண்டு வாகனங்களுக்கு நடுவே புகுந்து வெளியேற இடம் விட்டு நில்லுங்கள். பார்வை பின்புறம் காட்டும் கண்ணாடியிலேயே இருக்கட்டும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருப்பது பின்னால் வருபவருக்கு, குறிப்பாக இரவில், பெரிய எச்சரிக்கை. உங்களுக்குப் பின்னால் ஒரு கார் முழுமையாக நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு, நொடிகாட்டியில் நேரம் நிறைய இருந்தால், நியூட்ரலுக்கு மாற்றிக் கையைத் தளர்த்திக்கொள்ளலாம். அப்போதும் முன் பிரேக்கை விடாதீர்கள். பச்சை விழ ஐந்தாறு நொடி இருக்கும்போதே வலது காலை ஊன்றி முதல் கியருக்கு வந்துவிடுங்கள். பச்சை விழுந்த பிறகு கியரைத் தேடுபவரைத்தான் பின்னால் வரும் வண்டி இடிக்கிறது.

கேள்வி: நிற்கும்போது கிளட்ச் கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? (கடலூர் முதுநகர்)

பதில்: எனக்கே நடந்திருக்கிறது. மரப்பாலம் சந்திப்பில் முதல் கியரில் நின்றிருந்தபோது லீவர் திடீரென்று கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங்குகள் பிளேட்டுகளை ஒரே அடியாக இறுக்கியதால் வண்டி முன்னால் துள்ளி இன்ஜின் அணைந்தது. ஆக்சிலேட்டரை விட்டிருந்ததும், கால் பிரேக்கில் இருந்ததும்தான் முன்னால் நின்ற சைக்கிள்காரரைக் காப்பாற்றின. அவர் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. லீவரின் அடியில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். கேபிள் முனையில் உள்ள ஈயக் குண்டுக்கு அருகே ஓரிரு இழைகள் முள்ளைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். முதுநகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கேபிளைச் சீக்கிரம் துருப்பிடிக்கச் செய்வதால், மாதம் ஒரு முறையாவது எண்ணெய் விட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி: நின்ற பிறகு நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. (வில்லியனூர்)

பதில்: பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருப்பதே காரணம், கிளட்ச் முழுமையாக விடுபடுவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தொய்வு (கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்கலாம். அதற்கு மேல் போனால் சரிசெய்யுங்கள். வண்டி நிற்பதற்குச் சற்று முன், மெதுவாக உருளும்போதே இரண்டாவது கியரிலிருந்து லேசாகத் தட்டினால் நியூட்ரல் எளிதில் விழும்.

கேள்வி: என்னுடையது ஸ்கூட்டர், கிளட்ச் லீவரே இல்லையே? (ஆசிரியை, மஞ்சக்குப்பம்)

பதில்: இன்ஜின் வேகம் குறைந்ததும் உங்கள் வண்டியின் கிளட்ச் தானாகவே விலகிவிடும். ஆனால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கினால் அதுவும் கருகும். பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓட்டுபவர் என்றால், நிற்கும்போது வலது கையை ஆக்சிலேட்டரிலிருந்து முழுவதுமாகத் தளர்த்திவிடுங்கள். குழந்தை கைப்பிடியைத் திருகி வண்டி பாய்ந்த பிறகு என் பட்டறைக்கு வந்தவர்கள் உண்டு. நீண்ட சிக்னல் என்றால் இன்ஜினையே அணைத்துவிடுங்கள்.