சாம்பல் கிளி வளர்க்கலாம், பச்சைக்கிளி வளர்க்கக் கூடாதா? இது என்ன நியாயம்?

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் இந்தியச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளி இந்தியக் காட்டுயிர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால் பிடிப்பது, விற்பது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கிளி ஜோசியக்காரர்கள் மாட்டுவதும் இதனால்தான். "குஞ்சிலிருந்தே வளர்க்கிறோம் சார்" என்ற பேச்செல்லாம் எடுபடாது.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வெளிநாட்டு இனம். அதற்காக இஷ்டம்போல் வளர்த்துவிடலாம் என்று அர்த்தமில்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தில் அது முதல் பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தம் இந்தப் பட்டியல் உயிரினங்களை நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள், அது முடிந்துவிட்டது. கை மாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். எனவே வாங்குவதற்கு முன் விற்பவரிடம் பதிவுச் சான்றைக் கேளுங்கள். ரசீது மட்டும் நீட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்றால் பட்ஜி, காக்கட்டீல் என்ற வெளிநாட்டுக் கிளிகளைப் பாருங்கள், இரண்டும் சைட்டஸ் பட்டியலிலேயே இல்லை.