சோலார் போட்டால் வீட்டு விலை கூடுமா?

கேள்வி: மதுரையில் 14 வருடப் பழைய தனி வீடு. இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு, மகள் இருக்கும் கோவைக்குப் போக நினைக்கிறோம். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் வருகிறது. 3 கிலோவாட் சோலார் போட்டால் போட்ட பணத்துக்கு மேலேயே விலை ஏறும் என்கிறார் சோலார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அதை நம்பிப் போடாதீர்கள். தனி வீடு பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது சென்ட் என்ன விலை என்பதைத்தான். கட்டடத்துக்கு வயதைப் பார்த்துக் கழிப்பார். பேனலுக்கென்று தனியாகப் பணம் தருகிறவர் குறைவு.

உங்கள் பில்லுக்காகப் போடுவதாக இருந்தால் சரி. 3 கிலோவாட் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 700 பக்கம் வரும். முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம் என்பதால், பில் பெரும்பாலும் கரைந்துவிடும். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு. அப்படியும் இரண்டே வருடத்தில் முழுப் பணமும் திரும்பாது. மீதியில் கொஞ்சமாவது வாங்குபவரிடம் பெற வேண்டுமானால், சோலாருக்கு முன்னால் வந்த பில், பின்னால் வந்த பில் இரண்டையும் பத்திரமாக வைத்திருந்து காட்டுங்கள். வாய்ப்பேச்சைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். பேனலின் மின் உற்பத்தித் திறனுக்கான வாரன்டி பொதுவாக 25 வருடம். அந்த அட்டையும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வாங்குகிறவருக்கு மேலே ஒரு மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால், பேனல் அவருக்குச் சுமை. கழற்றி மாட்டும் செலவை வீட்டு விலையில் குறைத்துக்கொள்ளச் சொல்வார். ஸ்டாண்டுக்காகத் தட்டோட்டைத் துளைத்து, அந்த வழியாக மழைநீர் இறங்கினால் இன்னும் மோசம். சீலிங்கில் ஒரு ஈரக்கறை தெரிந்தால் போதும், அப்புறம் சோலார் பேச்சே எடுபடாது.

என்னைக் கேட்டால், இரண்டு வருடக் கணக்குக்கு மொட்டை மாடியைத்தான் முதலில் கவனிப்பேன். ஒழுகல் இருந்தால் அடைத்து, வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டுங்கள். மே மாதம் மூன்று மணிக்கு வீடு பார்க்க வருகிறவருக்கு, உள்ளே நுழைந்ததுமே வித்தியாசம் உடம்பில் தெரியும். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. அதற்குத் தனி விலை இல்லை. ஆனால் கோடையிலும் போரில் தண்ணீர் வருகிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். அதனால் குழியைத் தூர்வாரி வையுங்கள்.

சோலார் போடுவது என்றே முடிவெடுத்தால், அதற்கு வாங்கிய கடனைப் பத்திரப்பதிவுக்கு முன் அடைத்துவிடுங்கள். பதிவு முடிந்ததும் ஈபி இணைப்போடு, ஈபியிடம் எடுத்த கரண்டையும் சோலாரிலிருந்து அங்கே போன கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டரையும் வாங்கியவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.